பையோட நிக்கிற போட்டோக்கள்

இன்னைக்கு இருங்காட்டுக்கோட்டை ஜெராக்ஸ் கடைக்குப் போட்டோ பிரிண்ட் போடப் போனேன். பழைய டிஜிட்டல் கேமராவ நீட்டினதும் கடைக்கார அக்கா சிரிச்சிட்டாங்க.

"இன்னாம்மா, இன்னுமா இத வெச்சிகினு கீற? போன் இல்லியா?"

இருக்கு. ஆனா உள்ள படம் எடுக்கக் கூடாதுன்னு கம்பெனி கேட்ல தினமும் போன் கேமரா மேல ஸ்டிக்கர் ஒட்டுறாங்க. உரிச்சு உரிச்சு பசை படிஞ்சு, எந்த மூஞ்சியும் தெளிவா விழுறதில்ல.

கார்டைப் போட்டு ஒவ்வொரு படமா தள்ளிக்கிட்டே வந்தவங்க நிறுத்திட்டாங்க.

"இன்னா, எல்லாப் பொண்ணும் பைய மாட்டிகினு பஸ் ஸ்டாப்லயே நிக்குது?"

"என் ரூம்ல இருந்தவங்கக்கா. காண்ட்ராக்ட் முடிஞ்சு ஊருக்குக் கிளம்புறப்போ ஆளுக்கு ஒண்ணு எடுத்து வெச்சிப்பேன்."

"உன்னுது ஒண்ணுகூட இல்லியே?"

"நான் இன்னும் கிளம்பலையேக்கா."

அப்புறம் அவங்க சிரிக்கல.

ரூமுக்கு வந்து எல்லாத்தையும் சுவத்துல ஒட்டினேன். எல்லாரும் என்னையே பார்த்துச் சிரிக்கிறாங்க. ரூம்ல இப்போ நான் மட்டும்தான்.

அடுத்த மாசம் என் காண்ட்ராக்டும் முடியுது. அதே பென்னலூர் பஸ் ஸ்டாப் பக்கம் யாராவது இருந்தா சொல்லுங்க. கேமரா பட்டனை லேசா அமுக்கி, என் மூஞ்சி மேல பச்சைக் கட்டம் வந்ததும் முழுசா அமுக்கணும். அவ்ளோதான் வேலை.