துளிகள் பிரிந்த வாரம்

கிளாஃபிரா மாஸ்கோவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவினாள். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். ஆனால் அவள் கழுவிய குடுவையில் யாரும் ஒரு கறையைக் காட்டியதில்லை. தம்பி ரோடியனை அவள்தான் படிக்கவைத்தாள். அவன் அதே கூடத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்தபோது எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொல்லி மாய்ந்துபோனாள்.

உயிர் எப்படித் தோன்றியது என்பதுதான் அவனுடைய ஆராய்ச்சி. ஆதிக்கடலில் பசைபோன்ற பொருள்கள் திரண்டு துளிகளாகி, வளர்ந்து, பிரிந்து, மெல்ல உயிராயினவாம். அத்தகைய துளிகளைப் பிசினும் ஜெலட்டினும் கலந்து குடுவையில் உண்டாக்கியிருந்தான். அவை தாமாகப் பிரிந்து பெருகினால் அவனுக்குப் பட்டம் உறுதி.

"சாமி படைச்சதை நீ குடுவையில படைக்கப் போறியாக்கும்?"

"சாமிக்குக் குடுவை கழுவ உன்னை மாதிரி ஆள் கிடைக்கலக்கா. அதான் உலகம் இப்படி இருக்கு."

ஈஸ்டர் வந்தது. பல குடும்பங்களுக்குப் பொதுவான சமையலறையில் ஒரே குளிர். பண்டிகைக்குச் சுடும் குலிச் ரொட்டிக்குப் பிசைந்த மாவு பொங்கவில்லை. ஆய்வுக்கூடத்து வெப்பப்பெட்டி எப்போதும் கதகதப்பாக இருக்கும். ஆளில்லாத நேரம் பார்த்து மாவுப் பானையைத் துண்டில் சுற்றி உள்ளே, தம்பியின் குடுவைக்குப் பக்கத்தில் வைத்தாள். வெளியே எடுக்கும்போது பானை இடித்து, தம்பியின் குடுவை வாயிலிருந்த பஞ்சு விழுந்தது. மாவு ஒட்டிய விரலாலேயே அதைத் திரும்ப அழுத்திவைத்தாள். சிந்திய மாவை மட்டும் பெட்டியின் தட்டில் துளியும் தெரியாமல் துடைத்தாள்.

அந்த வாரமே ரோடியன் கூவினான்: "பிரியுது! எல்லாரும் வாங்க, பிரியுது!"

துறைத் தலைவர் நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார்.

"உயிர்தான், தம்பி. ரொட்டிக் கடையில கிடைக்கிற உயிர். மாவைப் பொங்கவைக்கிற ஈஸ்ட் இது."

கூடமே சிரித்தது.

"அடுத்த தடவை மாவையும் சேர்த்துப் போடு, தின்னவாவது ஆகும்" என்றான் ஒருவன்.

"குடுவையைக் காப்பாத்தத் தெரியாத கைக்கு இங்க வேலை இல்ல" என்றார் தலைவர்.

கழுவிய குடுவைகளோடு கிளாஃபிரா வாசலில் நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் தம்பியின் மேலுள்ள பழி நீங்கும். ஆனால் அரசாங்கப் பெட்டியில் பண்டிகை மாவு வைத்தவளுக்கு அதன்பின் வேலை ஏது? குடுவைகளை அலமாரியில் ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு வெளியேறினாள்.

ரோடியன் தூலா நகரில் பள்ளிக்கூட வாத்தியாரானான். ஈஸ்டருக்கு மட்டும் அக்காவைப் பார்க்க வருவான்.

"இந்த வருஷமும் கடை ரொட்டிதானாக்கா? அந்த வருஷம் நீ பண்ணினியே, என்னமாப் பொங்கியிருந்துச்சு! அப்புறம் ஏன் பண்ணவே மாட்டேங்கிற?"

"இப்பல்லாம் மாவு சரியில்லடா."

அவள் எழுந்துபோய், கழுவிக் கவிழ்த்திருந்த கோப்பையை எடுத்து மறுபடி கழுவத் தொடங்கினாள்.