கோடாங்கி வீட்டில் ஓடிய படம்

கோடாங்கி சுருளியாண்டி என் கடைக்கு வந்தால் சூடம், விளக்கெண்ணெய், ஆணி இவற்றைத் தவிர வேறு எதையும் கேட்க மாட்டான். நானோ வேதக்காரன், கிறிஸ்தவன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து, பேயோட்டுகிறவனுக்குச் சூடம் விற்கிறாயே என்று எங்கள் உபதேசியார் ஒரு தடவை முகத்தைச் சுளித்தார். "சூடத்துக்கு ஏதுய்யா வேதம்?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன். தேவாரம் கடைத்தெருவில் அய்யாத்துரை கடையில் எல்லாம் கிடைக்கும், வாய்க்கொழுப்பும் சேர்த்துக் கிடைக்கும் என்பாள் என் வீட்டுக்காரி ஜெபராணி.

பேயோட்டுகிறவன் என்றதும் உருட்டு விழியும் சடாமுடியுமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆள் ஒல்லி. பேச்சு மெத்தென்று இருக்கும். மலையடிவாரத்தில் கொஞ்சம் மானாவாரி நிலம், அதில் கம்பும் மொச்சையும் போடுவான். செவ்வாயும் வெள்ளியும் உச்சிப்பொழுதில் மட்டும் உடுக்கையைக் கையில் எடுப்பான். அப்போது அவன் வேறு ஆள். போடி, கோம்பை, பொட்டிப்புரம் என்று எங்கிருந்தெல்லாமோ பெண்பிள்ளைகளை வண்டி கட்டிக் கூட்டி வருவார்கள். யாரு நீ, எங்கிருந்து வந்த, என்ன வேணும் என்று கேட்பான். பேய் கருப்புக்கோழி கேட்கும், சுருட்டு கேட்கும், சிலது சிவப்புச் சீலை கேட்கும். கேட்டதைக் கொடுத்து, போய்விடுகிறேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, அந்தப் பெண்ணின் உச்சிமுடியில் ஒரு கற்றையை அறுத்து, வீட்டுக்குப் பின்னால் நிற்கும் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்துவிடுவான். அதோடு சரி. பேய் மரத்துக்கு, பெண் வீட்டுக்கு.

ஆடி மாதம் எங்கள் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். அந்தக் காற்றில் புளியமரத்து முடியெல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி நிற்கும். ஒரே ஒரு தடவை பார்த்தேன். அதற்குப் பிறகு சுற்றிக்கொண்டு போனாலும் போனேன், அந்த வழியாகப் போனதில்லை.

அவன் பெண்டாட்டி அன்னத்தாய். நல்ல பிள்ளை, கடைக்கு வந்தால் சிரித்துவிட்டுத்தான் சாமான் கேட்பாள். மூத்தவள் கருத்தம்மாள் நடைபழகிக்கொண்டிருந்த சமயம், அடுத்ததாகப் பிறந்த ஆண்பிள்ளை செத்தே பிறந்தது. அன்னத்தாய் பேச்சை நிறுத்திவிட்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். சோறு இல்லை, தண்ணீர் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் வேறு எப்படி உட்காருவாள்? ஆனால் இவன் கோடாங்கி ஆயிற்றே! பேய் என்று முடிவு கட்டிவிட்டான். ஊரைக் கூட்டி நடுமுற்றத்தில் உட்கார வைத்து, உடுக்கையடித்துக் கேள்வி கேட்டான். அவள் வாய் திறக்கவில்லை. சாட்டையால் அடித்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாளே தவிர ஒரு பேரையும் சொல்லவில்லை. கடைசியில் அவள் முடியையும் அறுத்தான். மறுநாள் உச்சிப்பொழுதில் தோட்டத்துக் கிணற்றில் அவளை மிதக்கக் கண்டார்கள்.

கருத்தம்மாளுக்கு விவரம் தெரிய ஆரம்பித்தபோது, உங்க ஆத்தா பேதியில் போய்விட்டாள் என்று சொன்னார்கள். கோடாங்கி அதைச் சொன்னான், ஊர் அதையே சொன்னது, நானும் சொன்னேன். அந்தத் தோட்டத்துப் பக்கமே பிள்ளையை விடாமல், ஒரு ஊரே சேர்ந்து அந்தப் பொய்யைப் பொத்திப் பொத்தி வளர்த்தோம். சுருளியாண்டிக்கு உலகத்தில் இருந்த ஒரே பயம், மகளுக்கு அது தெரிந்துவிடக் கூடாது என்பதுதான்.

இந்த நிலையில்தான் சந்தைத்திடலில் டூரிங் டாக்கீஸ் வந்து கூடாரம் அடித்தது. யுத்தம் ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷம். வந்த படங்களில் ஒன்றுக்கு ஊர் வைத்த பேர் கிணத்துப் படம். சிங்காரவல்லி என்று ஒருத்தி. பண்ணையார் மகன் அவளைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டு, கட்டிப்பிடித்து, அப்புறம் நடப்பதை விவரமாகச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. வயிற்றில் பிள்ளையோடு அவளைக் கைவிட்டுவிடுகிறான். அவள் போய்க் கிணற்றில் விழுகிறாள். பெண்கள் பகுதியில் உட்கார்ந்திருந்த தாய்மார்கள், தோட்டத்துக் காட்சியில் முந்தானையை இழுத்துப் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள். கிணற்றுக் காட்சியில் பயந்துபோய்த் தங்கள் கண்ணையே பொத்திக்கொண்டார்கள். பிள்ளைகள் பார்த்துவிட்டன.

சமைந்த பிள்ளைகளை இந்த மாதிரிப் படத்துக்கு விடலாமா என்று கடைத்தெருவில் அதற்குப் பிறகு வேறு பேச்சே இல்லை. சுருளியாண்டி வழக்கமாக எதிலும் தலையிடாதவன், அன்று என் கடை வாசலில் நின்று வாயைத் திறந்தான்.

"மதினி பூமாரியக் கூட்டிட்டுப் போனாகளாமே?"

பூமாரி என் மகள், கருத்தம்மாள் வயதுதான். "ஆமா, போனா. அழுதா. வர்ற வழியில அவுக ஆத்தாகிட்ட எதையெதையோ கேட்டா, அவளும் பதில் சொன்னா. வந்து கஞ்சியக் குடிச்சிட்டுத் தூங்கிட்டா. இப்ப அதுக்கென்ன?" என்றேன்.

"பச்சப் புள்ளைக்கு அதெல்லாம் காட்டலாமாண்ணே?"

"பதினஞ்சு வயசுக்காரி பச்சப் புள்ளையாக்கும்! வர்ற தையில உம் மகள நீயே கட்டிக் குடுத்துருவ. அப்ப மட்டும் தெரியலாமோ?"

அவன் குரலை இறக்கிக்கொண்டான். "கெணத்துல ஒரு பொம்பள விழுவான்னு எம் மக நெனைக்கவே கூடாதுண்ணே."

நான் சூடத்தைப் பொட்டலம் கட்டி அவன் கையில் கொடுத்தேன்.

படம் போய்க் கொஞ்ச நாளில், மொக்கம்மாள் தன் மகள் ராக்கம்மாளைக் கோடாங்கி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். சூடம் கொடுக்கப் போன நானும் ஓரமாக நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைக்குப் பல் கிட்டிப்போய் உடம்பு குளிரில் நடுங்கியது. சுருளியாண்டி உடுக்கையை முறுக்கினான்.

"யாரு நீ?"

"சிங்காரவல்லி."

"எங்கிருந்து வந்த?"

"தோட்டத்துக் கெணத்துல இருந்து."

படத்தில் வந்தவளுடைய பேர். பேர் மட்டும் இல்லை. டாக்கீஸ் பெட்டியிலிருந்து அந்த நடிகையின் குரல் ஒரு கரகரப்போடு வருமே, அதே கரகரப்பு அந்தப் பிள்ளையின் தொண்டையில் இருந்தது. எல்லாம் முடிந்ததும் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, அது படத்தில் வருகிறவளுடைய பேரப்பா என்று சொன்னேன்.

"பேருல என்னண்ணே இருக்கு? கெணத்துல விழுந்தவ எவளோ கேட்பாரில்லாம அலையிறா. படம் பாத்த புள்ளைகளாப் பாத்துப் புடிக்கிறா" என்றான். அவன் டாக்கி என்கிற பேசும் படத்தைக் கண்ணால் கண்டவனில்லை. பேயாக வந்து பேசச் செத்திருக்க வேண்டும், இவளோ செத்த மாதிரி நடித்தவள்தான் என்று அவனுக்கு யார் போய்ப் புரிய வைப்பது?

அப்புறம் பொட்டிப்புரத்திலிருந்து ஒருத்தி வந்தாள். கோம்பையிலிருந்து ஒருத்தி. ஒருத்தியை ஒருத்தி அறியாத பிள்ளைகள். எல்லோரும் அதே பேர், அதே தோட்டம், அதே கிணறு. தண்ணீருக்குள் எப்படி இருட்டாக இருந்தது என்று ஒவ்வொருத்தியும் விலாவாரியாகச் சொன்னார்கள். தோட்டத்தில் என்ன நடந்தது என்று மட்டும் ஒருத்தியும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் விளக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு, சூடம் ஏற்றிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் யார்? கருத்தம்மாள். தாயில்லாத வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அட கிறுக்குப் பயலே! கொட்டகைக்கு விடமாட்டேன்னு குதிச்ச. இப்ப அதே படத்த உன் வீட்டு முற்றத்துல செவ்வா வெள்ளி தவறாம ஓட்டிக்கிட்டு, உம் மகளை முன்னால உக்கார வச்சிருக்கியே!"

"இது சாமி காரியம்ண்ணே. இதுல அவளுக்கு ஒண்ணும் வராது" என்றான்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் பேய் பிடித்தவளைப் பார்க்காமல் கருத்தம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கேள்வி கேட்டதும் அவள் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் வாயிலிருந்து அதே பதில் வந்தது. வீட்டுக்கு வந்து ஜெபராணியிடம் சொன்னேன். "அவளக் கூட்டிட்டு வாங்க, நான் பேசுறேன்" என்றாள். கூப்பிட்டுப் பார்த்தேன். அப்பன் அனுப்பவில்லை.

ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை. காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. உச்சிப்பொழுதுக்குச் சுருளியாண்டி துண்டுகூட இல்லாமல் கடைக்கு ஓடி வந்தான்.

"அண்ணே, புள்ள பேச மாட்டேங்குறா. செவுத்தப் பாத்து உக்காந்திருக்கா."

சூடத்தை வாங்கிக்கொண்டு திரும்பி ஓடினான். நான் கடையைப் பூமாரியிடம் விட்டுவிட்டு, ஜெபராணியோடு அவன் பின்னால் ஓடினேன். போவதற்குள் முற்றத்தில் ஊர் கூடிவிட்டது. கருத்தம்மாளைக் கொண்டுவந்து நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் ஆத்தா உட்கார்ந்த அதே இடம்.

சுருளியாண்டி உடுக்கையை எடுத்தான். வேறென்ன தெரியும் அவனுக்கு?

"யாரு நீ?"

எல்லோரும் சிங்காரவல்லிக்காகக் காத்திருந்தோம்.

"யாரு நீ? சொல்லு!"

"அன்னத்தாய்."

உடுக்கை நின்றது. பேதி என்று சொல்லிச் சொல்லி வளர்த்த அத்தனை பேரும் அங்கேதான் நின்றோம். ஒருத்தராலும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எங்... எங்கிருந்து வந்த?"

"ஒனக்குத் தெரியாதா?"

"என்ன வேணும்?"

"எம் முடி."

அவள் எழுந்தாள். கூட்டம் தானாக விலகியது. நேராகப் புளியமரத்துக்குப் போனாள். மரம் முழுக்க ஆணியும் முடியுமாக இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டுத் தெற்குப் பக்கம் சுற்றிப் போய், ஆணியும் இல்லாத முடியும் இல்லாத வெறும் பட்டையில் உள்ளங்கையை வைத்தாள்.

"இங்கன."

சுருளியாண்டி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அன்னத்தாயின் முடியை அவன் யார் கண்ணிலும் படாமல் தனியாகப் போய் அடித்திருக்கிறான். வெட்கமோ பயமோ, ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. ஆணி கொடுத்த எனக்கே எந்த இடம் என்று தெரியாது. அதன் மேல் பட்டை வளர்ந்து மூடி எத்தனையோ வருஷம் ஆயிற்று.

"அடிக்கணும்னா அடி" என்றாள் அவள். "அன்னைக்கும் அடிச்ச."

"பேய் பேசுது கோடாங்கி! சாட்டைய எடு! எடுத்து நாலு போடு!" என்று மொக்கம்மாள் கத்தினாள். சாட்டை அவன் கையில்தான் இருந்தது. அவன் அதைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். அடித்தானென்றால் இவளுக்கும் அதே கிணறுதான். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

அவன் சாட்டையை மண்ணில் போட்டான்.

"பேதியில்லத்தா" என்றான். "பொய்யி. பேதியில்ல. உங்க ஆத்தா கெணத்துல விழுந்தா. தம்பி செத்துப் பெறந்த துக்கத்துல உக்காந்திருந்தவள நான்தான் பேயின்னு சொல்லி, ஊரு பாக்க அடிச்சேன். அந்த அவமானந்தான் அவளக் கொன்னுச்சு. பேயில்லத்தா, நான்தான்."

அவன் அழுத அழுகையை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். ஜெபராணி ஓடிப்போய்ப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள். நான் கடைக்குப் போய் ஆணி பிடுங்கும் குறட்டை எடுத்து வந்தேன். அரிவாளால் பட்டையைக் கொத்தினால், துருப்பிடித்த ஆணி அங்கேதான் இருந்தது. நான் விற்ற ஆணி! அத்தனை வருஷம் பட்டைக்குள் கிடந்த முடி, நேற்று அறுத்தது மாதிரி கருகருவென்று இருந்தது. கருத்தம்மாள் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, அப்பனைப் பார்த்துத் தன் சொந்தக் குரலில் "அய்யா, தண்ணி தா" என்றாள்.

இடம் எப்படித் தெரிந்தது என்று பிறகு ஒரு நாள் அவளிடம் கேட்டேன். ஊரில் எவனாவது மறைந்திருந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருப்பான் என்றுதான் நினைத்தேன்.

"யாரும் சொல்லல பெரியப்பா. காத்தடிச்சா மரத்துல எல்லா முடியும் ஆடும். அங்கன மட்டும் பட்ட ஆடுச்சு" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

சுருளியாண்டி உடுக்கையை அதற்குப் பிறகு தொடவில்லை. யாராவது பெண்பிள்ளையைக் கூட்டி வந்தால் வாசலிலேயே மறித்து, "மொதல்ல வீட்டுல உக்காந்து அந்தப் புள்ள என்ன கேக்குதுன்னு கேளுங்க" என்று திருப்பி அனுப்புவான். பலர் அவனைத் திட்டிக்கொண்டே வேறு கோடாங்கியைத் தேடிப் போனார்கள். அவன் கம்பு விதைத்தான், மொச்சை பறித்தான். தேவாரத்தில் இன்றும் அவனைக் கோடாங்கி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மறு வருஷம் கூடாரம் திரும்பி வந்தது. கொட்டகைக்காரன் சனியன், அதே கிணத்துப் படத்தையும் கொண்டு வந்தான். நான் கடைக்குள் பதுங்கிக்கொண்டேன். சுருளியாண்டி வந்து ஜெபராணியிடம் நின்றான்.

"மதினி, பூமாரியக் கூட்டிட்டுப் போறப்ப கருத்தம்மாளயும் கூட்டிட்டுப் போங்க."

"அதுல அந்தத் தோட்டத்துச் சீனு வருமேப்பா? கெணறும் வருமே?"

"வரட்டும். கண்ண மட்டும் பொத்தாதீக. பாத்துட்டு வந்து எங்கிட்டக் கேக்கட்டும்."

மறுநாள் காலையில் அப்பனும் மகளும் உப்பு வாங்க வந்தார்கள். நான் நிறுத்துக்கொண்டிருந்தேன். கருத்தம்மாள் தெருவைப் பார்த்தபடி நின்றிருந்தவள், சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அய்யா, விழுறப்ப அவ கண்ணு தொறந்தே இருந்துச்சு. ஆத்தாளுக்கும் அப்படித்தானா?"

சுருளியாண்டி உப்புப் பையைக் கீழே வைத்தான்.

"ஆமாத்தா. தூக்குறப்ப தொறந்துதான் இருந்துச்சு. நான்தான் மூடுனேன்."