தொப்பியோடு போன இரண்டாம் ஓலை

என்னைவிடப் பெரிய முட்டாள் கற்பிட்டிக் குடாநாட்டில் யாராவது இருந்தால், அவரை ஒருமுறை பார்த்துக் கைகுலுக்க ஆசைப்படுகிறேன். கலியாணம் நிச்சயமானபின் மாப்பிள்ளைமார் நன்றாகச் சவரம் செய்வார்கள், புதுச் சப்பாத்து வாங்குவார்கள், கொஞ்சம் துணிந்தவர்கள் வயிற்றைக் குறைக்கப் பார்ப்பார்கள். நான் என் தலையைக் கொண்டுபோய் மருந்து பூசி எரித்துக்கொண்டேன். அதுவும் வலியப்போய், வரிசையில் காத்திருந்து.

இது நடந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. எனக்கு ஊர் குறிஞ்சிப்பிட்டி. அப்பா தமிழர், கடல்தொழில். அம்மா புத்தளத்துக்குப் பக்கத்துக் கிராமத்தவர். போர்த்துக்கேயப் பறங்கியர் காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் வழியில் வந்தவர். அம்மாவின் நிறமும் சுருண்ட தலைமுடியும் எனக்கு அப்படியே கிடைத்தன. அப்பாவிடமிருந்து கிடைத்தது, வள்ளத்தில் ஏறினால் வாந்தி எடுக்காத வயிறு மட்டும்.

எங்கள் வீட்டில் செபமாலை இரண்டு மொழியில் நடக்கும். ஒவ்வொரு மந்திரத்தையும் அம்மா சிங்களத்தில் தொடங்குவார். மிச்சத்தை நானும் அப்பாவும் தமிழில் முடிப்போம். இது மாதாவுக்குக் குழப்பமாக இருக்காதா என்று சின்ன வயதில் ஒருநாள் கேட்டேன். "உன்னவிடக் குழப்பமான ஆக்கள அவ பாத்திருக்கிறா, நீ செபத்தச் சொல்லு," என்றார் அப்பா.

பள்ளிக்கூடத்தில், அம்மாவின் இனத்தை ஊர் கூப்பிடுகிற அதே பெயர்தான் எனக்கும்: "காப்பிரி." பெற்றோர் வைத்த பெயர் வரவு பதிகிற இடாப்புக்கு மட்டும்தான் தேவைப்பட்டது. கோயிலில் நத்தார் நாடகம் என்றால் மூன்று ராசாக்களில் கறுப்பு ராசா வேடம் கேட்காமலே எனக்கு வந்துவிடும். மற்ற இரண்டு ராசாக்களுக்கும் மணிக்கணக்காகப் பூசி மெழுகுவார்கள். "எனக்குக் கரி மிச்சம், சேர்," என்று நானே சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பேன். அடுத்தவன் சிரிப்பதற்குள் நான் முந்திச் சிரித்துவிட்டால் நோகாது என்பது என் கண்டுபிடிப்பு. அந்த ஒரு கண்டுபிடிப்பை வைத்துக்கொண்டே முப்பது வயதுவரை ஓட்டிவிட்டேன்.

வேலை கண்டக்குழியில், பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்களுக்கான ஒரு சின்ன விடுதியில். வருகிறவர்கள் நான் எந்த நாடு என்று கேட்பார்கள். குறிஞ்சிப்பிட்டி என்பேன். அதற்கு முன் என்று கேட்டால், அதற்கு முன்பும் குறிஞ்சிப்பிட்டிதான், ஆனால் ஓலை வீடு என்பேன். சிலர் நேரான முடியைக் கஷ்டப்பட்டுச் சுருட்டிப் பின்னிக்கொண்டு வந்திருப்பார்கள். உனக்கு எந்த சலூனில் செய்தது என்று ஆசையாக விசாரிப்பார்கள். "அம்மா," என்று பதில் சொல்லுவேன். இப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்துகொண்டும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள்.

என் மனைவியை நான் கண்டது தலவிலக் கோயில் திருநாளில். மரங்களுக்கு அடியில் வாடி போட்டுத் தங்கியிருந்தோம். அம்மாவும் அவருடைய சகோதரங்களும் பின்னேரத்தில் பாட ஆரம்பித்தார்கள். அம்மாவின் ஊர்ப் பாட்டு பழைய பறங்கி மொழியில் இருக்கும். பாடுகிறவர்களுக்கே பாதி அர்த்தம் தெரியாது. ஆனால் போத்தலில் கரண்டியால் தட்டி, சிரட்டையைச் சேர்த்துத் தட்டித் தொடங்கினால், கால் சும்மா நிற்காது. கண்டக்குழிப் பெண் ஒருத்தி கூட்டத்தில் நின்று தாளம் தப்பித் தப்பிக் கை தட்டிக்கொண்டிருந்தாள். அம்மா பொறுக்க முடியாமல் எழும்பிப்போய் அவள் கையைப் பிடித்துத் தாளம் காட்டினார். அந்தக் கையைத்தான் பிறகு நானும் கேட்டேன். அன்றைக்குச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாரையும்விட நன்றாக ஆடியவர் ஒரு பெரியவர். அவர் அவளுடைய பெரியப்பா.

கலியாணப் பேச்சு வந்தபோது குறுக்கே நின்றவரும் அதே பெரியப்பாதான். அவர்களுடைய கோயிலுக்கு அவர் மூப்பர். குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மேலே சொல் இல்லை. "பொடியன் நல்லவன். வேதக்காரன். பூசைக்கும் தவறாம வாறான். எல்லாம் சரி, அந்தத் தலையப் பாத்தீங்களா? நாளைக்குப் புள்ளைகள் எப்பிடிப் பிறக்கும்?" என்று கேட்டாராம். "தலவிலயில ஆடேக்க தலையப் பாக்கேல்லையா பெரியப்பா?" என்று இவள் கேட்டாளாம். "பாட்டு வேற, சம்பந்தம் வேற," என்று அவர் முடித்துவிட்டார். கடைசியில் அவளுடைய அப்பா நடுவில் புகுந்து, ஓலையைப் போடுவோம், பிறகு பார்ப்போம் என்று சம்மதித்தார்.

எங்கள் கோயில்களில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசைகளில் பெண் மாப்பிள்ளை பெயரை வாசித்து, ஏதாவது தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று அறிவிப்பார்கள். அதுதான் ஓலை. மூன்றும் தடையில்லாமல் தாண்டினால்தான் தாலி. முதலாம் ஓலை சத்தமில்லாமல் போனது. இரண்டாம் ஓலைக்கு நாங்கள் குடும்பமாக அவர்களுடைய கோயிலில் பூசை கண்டு, பிறகு அவர்கள் வீட்டில் காலைச் சாப்பாடு என்று ஏற்பாடு. பெரியப்பா என்னைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகும் நாள். அவர் வாய் திறந்தால் எல்லாம் முடிந்தது. அவருக்குப் பிடிக்காதது தலைதானே, தலையை மாற்றிவிட்டால் கதை முடிந்தது என்று என் மூளை கணக்குப் போட்டது.

கற்பிட்டி டவுனில் என் முஸ்லிம் நண்பன் ஒருவன் சலூன் வைத்திருக்கிறான். சனிக்கிழமை போய் உட்கார்ந்தேன். முடியை நேராக்குகிற களிம்பு ஒன்றை எடுத்து அப்பினான்.

"எரியுதா மச்சான்?"

"எரியுதுடா."

"அப்ப வேல செய்யுது."

கொஞ்ச நேரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. "வல்லாஹி, ஒண்டும் ஆவாது, பொறு," என்றான். கழுவியபோது முடி நேராகத்தான் தொங்கியது. கண்ணாடியில் பார்த்து எனக்கே வெட்கம் வந்தது, அவ்வளவு அழகு. ஞாயிறு விடிய எழும்பிப் பார்த்தால் தலையணையில் பாதி முடி கிடந்தது. தலையில் மிஞ்சியது, கரையில் ஒதுங்கிக் காய்ந்த நைலோன் வலைபோல அங்கங்கே நட்டுக்கொண்டு நின்றது. இடையிடையே தோல் சிவந்து உரிந்திருந்தது. விடுதியில் ஒரு வெள்ளைக்காரர் மறந்துவிட்டுப் போன தொப்பியைக் காதுவரை இழுத்துப் போட்டுக்கொண்டு வேனில் ஏறினேன்.

அம்மா தொப்பியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். "என்ன இது?"

"சும்மா, ஸ்டைலுக்கு."

"ஸ்டைல் உரிஞ்சு வருது," என்று சொல்லித் தொப்பியைத் திரும்ப இழுத்துவிட்டார். வேனில் ஏறினால் இறங்கும்வரை பாடுகிறவர் அம்மா. அன்றைக்குக் கண்டக்குழிவரை வாய் திறக்கவில்லை. யன்னலுக்கு வெளியே வெங்காயத் தோட்டங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். தன் தலைமுடியை ஒரு கையால் முந்தானைக்குள் ஒதுக்கிக்கொண்டார். நான் அதைக் கண்டேன். கண்டும், காற்றுக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோயிலில் கடைசி வாங்குப் பலகையில் போய் ஒளிந்தேன். காணிக்கைப் பையோடு வந்தவர், வேறு யார், பெரியப்பாதான்.

"தம்பி, கோயிலுக்குள்ள தொப்பி."

"தடிமன் பெரியப்பா."

"தடிமனுக்கு மூக்கத்தானே மூடுறது. தலைய ஏன் மூடுறீங்க?"

கழற்றினேன். முன் வாங்கில் ஒரு குழந்தைதான் முதலில் சிரித்தது. அந்தச் சிரிப்பு வாங்கு வாங்காக முன்னுக்குப் போனது. பெரியப்பா சிரிப்பை அடக்கப்பார்த்ததில் பையிலிருந்த சில்லறை எல்லாம் குலுங்கியது. நான் வழக்கம்போல எல்லாருக்கும் சேர்த்துப் பல்லைக் காட்டினேன். பெண்கள் பக்கத்திலிருந்து, நான் கட்டப்போகிறவள் திரும்பினாள். என் தலையைப் பார்த்தாள், பிறகு என் அம்மாவைப் பார்த்தாள், பிறகு பீடத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

இரண்டாம் ஓலை வாசிக்கப்பட்டது. தடை தெரிந்தவர்கள் அறிவிக்கலாம் என்று பாதர் சொன்னபோது நான் பெரியப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகு அசையவில்லை. தப்பினேன் என்று மூச்சு விட்டேன்.

பூசை முடிந்து, இடியப்பமும் மீன் சொதியும் காத்திருக்கும் வீட்டுக்கு நடக்க ஆயத்தமானபோது பாதர் கூப்பிடுவதாக ஆள் வந்தது. எல்லாருமாகப் போனோம். பாதரின் அறையில் அவள் முன்னமே நின்றுகொண்டிருந்தாள்.

"தடை ஒண்டு வந்திருக்கு," என்றார் பாதர்.

நான் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். "நான் ஒண்டும் கதைக்கேல்ல," என்றார் அவர்.

"பொண்ணுதான் சொல்லுது," என்றார் பாதர்.

அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள். "நான் கட்டுறதுக்கு ஒத்துக்கொண்ட ஆள் இவரில்ல பாதர்."

"ஆள் அவர்தானே மகள்."

"மாசக்கணக்கா வீட்டுல சண்டை பிடிச்சன். தலை, தலை எண்டு பெரியப்பா சொல்லச் சொல்ல, அந்தத் தலைதான் வேணும் எண்டு நிண்டன். இவர் போய் ஒரு நாளையில அத எரிச்சிட்டு வந்து நிக்கிறார். அப்ப நான் எதுக்குச் சண்டை பிடிச்சன்?" கதவடிப் பக்கம் கையைக் காட்டினாள். "மாமிட முகத்தப் பாருங்க."

அம்மா கதவடியில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தலையில் இருப்பதும் அதே முடிதான். அதைத்தான் நான் வேண்டாமென்று எரித்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. வழக்கம்போலச் சிரிக்க வைக்க எனக்கு ஒரு பகிடி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "முடிதானே, வளரும்," என்று மட்டும் சொன்னேன்.

"வளரட்டும். வளந்த பிறகு மூண்டாம் ஓலைய வாசிங்க பாதர்."

பாதர் தன் வழுக்கையைத் தடவினார். "மகள், முடி இல்லாதது ஒரு தடையெண்டு சட்டத்தில இல்ல. அப்பிடிப் பாத்தா என்னைப்போல ஆக்கள்..."

"நீங்க கட்டப்போறதில்லையே பாதர்."

இந்த இடத்தில்தான் நான் கனவிலும் நினைக்காதது நடந்தது. பெரியப்பா எனக்காக வாதாடத் தொடங்கினார். "புள்ள, விசர்க்கதை கதைக்காத. ரெண்டு ஓலை வாசிச்சு நிப்பாட்டினா ஊர் என்ன சொல்லும்? மண்டபத்துக்கும் சொல்லியாச்சு. பொடியன் தங்கமான பொடியன்."

"அப்ப தலை பரவாயில்லையா பெரியப்பா?"

அவர் என் தலையை நிதானமாகப் பார்த்தார். உரிந்த இடங்களையும் பார்த்தார். "இதுக்கு அது எவ்வளவோ திறம்," என்றார். "பழையபடி வளந்தாலே போதும்."

பாதர், அவளுடைய அப்பா, என் அப்பா எல்லாரும் அதைக் கேட்டார்கள். அம்மாவும் கேட்டார். நிமிர்ந்து பெரியப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இடியப்பம் ஆறப்போகுது," என்றார். அன்றைக்கு அவர் பேசிய மூன்றாவது வசனம் அது என்று நினைக்கிறேன்.

மறுநாள் மொட்டை அடித்தேன். அதே நண்பன்தான் அடித்தான், காசு வாங்காமல். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் அவள் வந்து, நாற்றுமேடை பார்ப்பதுபோல என் தலையைக் குனியச் சொல்லிப் பார்ப்பாள். "இன்னும் இல்ல," என்பாள். அவளைவிடப் பொறுமை இழந்தவர் பெரியப்பா. என்னை றோட்டில் கண்டால் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "சுருளுதா?" என்று கேட்பார். எங்கேயோ வாங்கிய மூலிகை எண்ணெய் ஒரு போத்தலும் கொடுத்தனுப்பினார். காதுக்கு மேலே முதல் சுருள் விழுந்த கிழமை மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டது. அன்றைக்கு வேனில் அம்மா பாடிய பாட்டில் சாரதி வழியைத் தவறவிட்டுவிட்டார்.

அதோடு உலகம் திருந்திவிட்டது என்று சொல்லமாட்டேன். கலியாணத்தன்று போட்டோ எடுக்குமுன் ஒரு மாமி பவுடர் டப்பாவோடு என் முகத்தை நோக்கி வந்தார். என் மனைவி அதை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை.

முந்திக்கொண்டு சிரிக்கும் பழக்கம் எனக்கும் முழுதாக விட்டுப்போகவில்லை. ஆனால் என்னைப் பற்றி ஒரு பகிடி நாக்கு நுனிக்கு வரும்போதெல்லாம், அது என்னை மட்டுமா தொடுகிறது, வீட்டில் வேறு யாரையாவது தொடுமா என்று ஒரு கணம் பார்த்துக்கொள்கிறேன். என்னைப் பார்த்து நானே சிரிப்பதற்கும் என்னவர்களை விட்டுக்கொடுப்பதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது என்று அந்த ஞாயிறு சொல்லித் தந்தது.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது மனைவி குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நீ ஓலையை நிறுத்தியது என் மேலுள்ள அன்பினால்தான் என்று எழுதட்டுமா என்று கேட்டேன்.

"கோவத்தில எண்டு எழுதுங்க."