ஜன்னல் சீட்டுக்குப் பூக் கேட்டது

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். பத்தாவதோடு நின்றவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள். சாமி காரியத்தில் செய்த பிழையை யார் பொறுப்பது என்ற பயம்தான். அப்பா இருந்தவரை நான் வாய் திறக்கவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. சென்னையில் சின்னம்மா மகள் கல்யாணம். போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போய்வரும் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு தடவையாவது பிளேனில் போவோம் என்று கோயமுத்தூரிலிருந்து எங்களுக்கும் சேர்த்து டிக்கெட் போட உட்கார்ந்தார். எந்தப் பக்கத்து ஜன்னல் என்பதில்தான் சிக்கல்.

"இடது பக்கம் போடறனுங்க மச்சா. மேட்டூர் டேமு கடலாட்டத் தெரியும்."

"வலது பக்கம் போடு மாப்ள. திருச்செங்கோட்டு மலை தெரியுமல்ல" என்றார் அப்பா.

"பஸ்சு ஏறுனா அரை மணி நேரத்துல மலையடிவாரம். அத மேல போயித்தான் பாக்கோணுங்களா?"

அந்த அடிவாரத்தில்தான் அப்பாவின் தங்கை, என் அத்தை வீடு. நிலம் பிரித்ததில் மனஸ்தாபம் வந்து, அப்பாவும் அத்தையும் பேசி ஏழு வருஷம்.

பெண் எடுப்பதென்றாலும் கிணறு வெட்டுவதென்றாலும் எங்கள் வீட்டில் குலதெய்வத்திடம் பூக் கேட்காமல் செய்வதில்லை. "சண்டை எதுக்குங்க, பூக் கேட்டரலாம்" என்றார் அம்மா.

"பிளேனுக்குப் பூக் கேட்ட மொத ஊடு நம்முளுதுதான்" என்று மாமா சிரித்தார்.

பூசாரி சிவப்பு அரளியையும் வெள்ளை அரளியையும் தனித்தனித் தாளில் மடித்து அம்மன் காலடியில் வைத்தார். சிவப்பு வந்தால் வலது, வெள்ளை வந்தால் இடது. எடுக்கச் சொல்லி என்னை விட்டார்கள். அப்பா கண்ணை மூடி வெகுநேரம் கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு பொட்டலத்தின் ஓரத்தில் சிவப்பு இதழ் துளி நீட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கடல் மாதிரி டேம் வேண்டும். மற்றதை எடுத்தேன்.

"வெள்ளைங்க" என்றார் பூசாரி.

"செரி. சாமி சொன்னாச் செரிதான்" என்றார் அப்பா.

பிளேனில் இடது ஜன்னலை எனக்கே கொடுத்தார்கள். மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் வலது பக்கம் யாரோ, "அதா பாரு, திருச்செங்கோட்டு மலை" என்றார். அப்பா பெல்டை அவிழ்த்து எழுந்துவிட்டார். அம்மா அவர் சட்டையைப் பிடித்து, "சாமி சொன்ன பக்கமே உக்காருங்க" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். அத்தை படுத்த படுக்கை, அண்ணனைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்று மாமா வந்து சொன்னார். அப்பா நாற்காலியை விட்டு அசையவில்லை.

"மலைப் பக்கம் பூ வந்துச்சுன்னா அவளப் போயிப் பாக்கறதுன்னு அன்னிக்கே மனசுல வேண்டி நின்னன் மாப்ள. சாமி வேண்டான்னிருச்சு."

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஜன்னல் சீட்டுப் போனதற்கா இத்தனை நாள் கழித்தும் அப்பா இப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று ஒன்றும் விளங்கவில்லை. "அடுத்த தடவ வலது பக்கமே உக்காந்துக்கலாமுங்கப்பா" என்றேன். அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார். அத்தையின் சாவுக்குத்தான் நாங்கள் திருச்செங்கோடு போனோம்.

இதை யாரிடமாவது சொல்வதானால் உள்ளபடியே சொல்லுங்கள். சின்னப் பிள்ளைதானே என்று எனக்காக எதையும் மாற்ற வேண்டாம். அம்மன் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் பார்த்துத்தான் எடுத்தேன்.