சோலிங் கேட்ட சான்றிதழ்

எங்கள் பங்குப் பள்ளிக்கூடத்துக்குள் சோலிங்கைத் தாண்டாமல் ஒரு பிள்ளையும் போனதில்லை. சேர்க்கை ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் ஞானஸ்நானச் சான்று, தாய் தகப்பனின் கோயில் கல்யாணச் சான்று, இரண்டும் வேண்டும். இரண்டாவது இல்லையென்றால், "அரசாங்கப் பள்ளிக்கூடம் சந்தைக்குப் பின்னாடி இருக்கு" என்பாள். எதிரே பலகாரக் கடை போட்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாண விருந்துக்குப் பன்றி வாங்க வழியில்லாமல் சும்மா சேர்ந்து வாழ்கிறவர்கள் எங்கள் தீவில் எத்தனை பேர்! அழுதுகொண்டே திரும்புகிற பிள்ளைகளுக்கு பொரித்த வாழைப்பழம் கொடுத்து அனுப்புவேன்.

"உனக்கென்ன நெஞ்சா, கல்லாடி?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"சட்டம் நான் போட்டதில்லையே, பிலார்" என்றாள்.

அவளுக்கு ஒரே தம்பி, மீன்பிடிக்கிற ரோமுலோ. அவனும் அடெலாவும் சேர்ந்து வாழ்ந்து, மகள் மிந்தாவுக்கு ஐந்து வயதாகியும் கல்யாணம் நடக்கவில்லை. மகள் பங்குப் பள்ளிக்கூடத்து சிஸ்டர்களிடம்தான் படிக்க வேண்டும், நர்சாக வேண்டும் என்று அவனுக்கு ஒரே பிடிவாதம். அதற்காகவே ஒருவழியாக ஏப்ரலில் கல்யாணத்துக்கு நாள் குறித்தான். அடுத்த வருஷம்தான் அவள் முதல் வகுப்பு. அவசரக்காரன், சீருடைக்கு நீலத் துணிகூட வாங்கி அக்காவிடம் தைக்கக் கொடுத்துவிட்டான்.

அதற்குள் ஜனவரியில் சோலிங், ரோமுலோவின் அப்பா செத்துப்போனார். சாவு விழுந்த வருஷம் அதே வீட்டில் கல்யாணம் வைத்தால் இன்னொரு உயிர் போகும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். ஃபாதர் பிரசங்கத்தில் திட்டுவார். நாங்களும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து நாளைத் தள்ளிவைப்போம். சோலிங் மட்டும் என்ன, வானத்திலிருந்து குதித்தவளா? "ஒரே ஒரு வருஷம் பொறுத்துக்கடா" என்று தம்பி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனும் பொறுத்தான். நவம்பர் புயலில் போன அவன் படகு திரும்பி வரவில்லை.

மறு ஜூனில் அடெலா மகளோடு வரிசையில் நின்றாள். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். சோலிங் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, "கல்யாணச் சான்று?" என்றாள். இருபது வருஷப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

"அது ஏன் இல்லைன்னு உங்களுக்குத் தெரியாதாக்கா?"

சத்தம் கேட்டு ஃபாதர் வந்தார். "நான் ஒரு கடிதம் தரேன் சோலிங், பிள்ளையைச் சேர்த்துக்கோ."

"இத்தனை பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினப்போ அந்தக் கடிதம் எங்க போயிருந்துச்சு, ஃபாதர்? இப்ப என் தம்பி மகளுக்கு மட்டும்னா ஊரே காறித் துப்பாதா?"

விண்ணப்பத்தை வெளியே தள்ளினாள். பாவி, தள்ளியேவிட்டாள்! அடெலா அதை எடுத்து மடித்துக்கொண்டாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சந்தைப் பக்கம் நடந்தாள்.

ஐந்து வருஷம் கழித்து, இனிமேல் கல்யாணச் சான்று கேட்க வேண்டாம் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. சோலிங் அன்று சாயங்காலமே என் கடைக்கு வந்தாள். கையில் அந்த நீலப் பாவாடை. தைத்துப் பெட்டியில் வைத்திருந்திருக்கிறாள்.

"அடெலா வாசலை மிதிக்க எனக்குத் தைரியமில்ல. கூட வாடி."

போனோம். மிந்தா பாவாடையை இடுப்பில் வைத்துப் பார்த்தாள். பாதித் தொடைக்குக்கூட வரவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் இப்ப இருக்கிற பள்ளிக்கூடத்துலயே இருந்துக்கறேன் அத்தை, கூட்டாளிங்க எல்லாம் அங்கதான்" என்றாள். பிறகு சும்மா கேட்கிற மாதிரி, "அப்பாவும் அம்மாவும் கல்யாணத்துக்கு நாள்கூடக் குறிச்சாங்களாமே, அப்புறம் ஏன் பண்ணிக்கலை?" என்றாள்.

சோலிங் வாயைத் திறந்தாள்.

அடுப்படியிலிருந்து அடெலா திரும்பாமலே சொன்னாள்: "உங்கப்பா மீன் நிறையக் கிடைக்குதுன்னு கடலுக்குப் போயிட்டாருடி. நாள் தவறிப்போச்சு."

விண்ணப்பத்தில் ஒரு தேதி தப்பாக இருந்தாலும் விடாதவள் சோலிங். அன்றைக்கு அந்தப் பொய்யைத் திருத்தாமல் விட்டாள்.

திரும்பும் வழியில் கோயில் படியில் உட்கார்ந்தவள், பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினாள். "அடெலாவாவது என்னைத் திட்டியிருக்கலாமே, பிலார்!"