வரைபடத்தில் குளிர்ந்த தெரு

அலுவலகத்தில் அவளுக்கு மேப் அக்கா என்று பெயர். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலில் மட்டும் குடியிருந்தது, அதுவும் வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால்தான். நகரத்தில் எந்த இடம் எவ்வளவு சுடுகிறது என்று செயற்கைக்கோள் தரவை வைத்து வரைபடம் போடுவது அவள் வேலை. நகரத் திட்ட அலுவலகத்தின் பின்பக்க அறையில், ஓயாமல் உறுமும் இரண்டு கணினிகளுக்கு நடுவே, கல்யாணமான புதிதில் உட்கார்ந்தவள் தலை நரைக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. கோபம் அவளுக்கு மூக்குக்கு மேலே நிற்கும். கோபம் வந்தால் கத்த மாட்டாள், மேசையில் கிடக்கும் பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்குவாள். அக்கா பேனா அடுக்குகிறாள் என்று தெரிந்தால் டீ கொண்டுவருகிறவர்கூட வாசலோடு திரும்பிவிடுவார்.

ஊரே வெயில் தாங்காமல் ஒரு மேகமாவது வராதா என்று அண்ணாந்து பார்க்கும்போது, மேகத்தைக் கண்டால் வைகிற ஒரே ஆள் அவள்தான். செயற்கைக்கோள் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, முற்பகலில், ஊருக்கு மேலே போகும். அந்த நேரம் பார்த்து மேகம் வந்து உட்கார்ந்தால் அன்றைய படம் போச்சு. வெப்ப நாட்டில் மேகத்துக்கா பஞ்சம்? மாதக்கணக்கில் காத்திருந்து தெளிவான படம் ஒன்று கிடைத்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் விசேஷம்தான். அவள் கணவர் ஏசி மெக்கானிக். "இந்த ஊர்ல வெயில் அடிச்சா சந்தோஷப்படுற ஜென்மம் நாம ரெண்டு பேருதான்" என்று சிரிப்பார்.

சுற்றுவட்டாரத்தில் இல்லாத சூடு ஊர் நடுவில் மட்டும் கூடிக் கிடக்கும். கான்கிரீட்டும் தாரும் பகலெல்லாம் வெயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும், மரம் கிடையாது, காற்று நுழைய வழி கிடையாது. கடலுக்கு நடுவே திட்டு மாதிரி தனியாகத் தெரிவதால் அதற்கு வெப்பத் தீவு என்று பெயர். மேப் அக்காவின் வரைபடத்தில் சுடுகிற இடம் சிவப்பு, குளிர்ந்த இடம் நீலம். அந்த வருஷம் அந்தச் சிவப்புக்குத் திடீரென்று மவுசு வந்தது. கோடைக்கு முன்னால் சிவப்பான பகுதிகளுக்கு வெப்பத் தடுப்புக் கூரையும் நிழலும் போட்டுக் கொடுப்பதாக நிர்வாகம் அறிவித்தது. எந்தப் பகுதிக்கு முதலில் என்பதை அவள் வரைபடம்தான் சொல்லும்.

வரைபடத்தின் முதல் பிரதி வெளியான வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி மனைவி கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். அவள் வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைப்பவள். வாயும் அந்த மிஷின் வேகத்தில்தான் ஓடும். குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு, அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது.

"அண்ணி, எங்க தெருவுக்குக் கூரை கேட்டு ஆபீஸுக்குப் போனோம். உங்க பகுதி குளிர்ச்சியான பகுதி, போங்கன்னு அனுப்பிட்டாங்க. கேட்டா உங்க மேப்பைக் காட்டுறாங்க. எங்க தெரு மட்டும் நீலமா இருக்கு. கேக்குறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்களே, அந்தக் கதையால்ல இருக்கு!"

மேப் அக்காவுக்குச் சுருக்கென்றது. "மேப் பொய் சொல்லாதும்மா. உங்க தெரு முன்ன சிவப்பாத்தான் இருந்துச்சு. இந்த வருஷம் குறைஞ்சிருக்கு. நானே பார்த்து சந்தோஷப்பட்டேன்."

"சந்தோஷப்பட்டீங்களா? நல்லது. ஒரு நாள் மத்தியானம் வந்து எங்க வீட்ல உக்காந்து சந்தோஷப்படுங்களேன். நீங்க வர்றதெல்லாம் விளக்கு வெச்சப்புறம்தானே? பகல்ல இவன் ஒரு பொட்டு தூங்குறதில்ல. போன வாரம் ஜுரத்துல கண்ணு சொருகிடுச்சு. ஈரத் துணியில சுத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். இந்தக் கோடையை இவன் தாண்டணும் அண்ணி. எனக்கு வேற எதுவும் வேணாம்."

அன்றைக்கு மேப் அக்கா சாப்பிடவில்லை. மேப் பொய்யென்று சொல்லாமல் சொல்லிவிட்டாளே என்ற ஆத்திரம் பாதி, அது உண்மையாக இருந்துவிட்டால் என்ற பயம் பாதி. மறுநாள் அரைநாள் லீவு போட்டு, கணவரின் பையிலிருந்து தூரத்திலிருந்தே சூடு பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். காய்ச்சல் பார்க்க நெற்றிக்கு நேரே நீட்டுவார்களே, அதே மாதிரியான துப்பாக்கிதான்.

தெரு முனையிலேயே கண் கூசியது. போன மழைக்காலத்துச் சூறைக்காற்றில் பழைய கூரைகளெல்லாம் பறந்துபோக, கடன் வாங்கி எல்லோரும் புதுத் தகரம் போட்டிருந்தார்கள். பகல் வெளிச்சத்தில் அந்தத் தெருவை அவள் அதற்குப் பிறகு பார்த்ததே இல்லை. தகரம் பளபளவென்று வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்து மாடிப்படியில் ஏறி நின்று கருவியைத் தகரத்துக்கு நீட்டினாள். முப்பத்தொன்று என்றது. அடேயப்பா, மலைவாசஸ்தலம்! பிறகு கணவர் ஒயருக்குச் சுற்றும் கறுப்பு டேப்பை ஒரு சாண் கிழித்து அதே தகரத்தில் ஒட்டினாள். ஒட்டும்போதே விரல் நுனி சுட்டுவிட்டது. கொஞ்சம் பொறுத்து டேப்புக்கு நேரே நீட்டினாள். அறுபத்து நான்கு. அதே தகரம், அதே வெயில்.

விஷயம் இதுதான். செயற்கைக்கோள் கூரையைத் தொட்டுப் பார்ப்பதில்லை. கூரை மேலே விடும் வெப்பக் கதிரை வாங்கி அதைக்கொண்டு கணக்குப் போடும். மண், மரம், கான்கிரீட், தார் எல்லாம் தாராள மனசுக்காரர்கள், இருக்கிற சூட்டுக்கு ஏற்றபடி வெளியே விடுவார்கள். பளபளக்கும் தகரம் இருக்கிறதே, அது எச்சில் கையால் காக்கை ஓட்டாத கஞ்சன். அறுபது டிகிரியில் கொதித்தாலும் மேலே கொஞ்சம்தான் விடும், கீழே இருக்கிறவர்களை மட்டும் வாட்டி எடுக்கும். அதனால் தகரத்துக்குத் தனிக் கணக்கு போட வேண்டும். மேப் அக்கா ஊர் முழுவதற்கும் கான்கிரீட் கணக்கையே போட்டிருந்தாள். தகரத்துக்குத் தனிக் கணக்கு என்பது படிப்பில் முதல் வருஷப் பாடம். போதாக்குறைக்கு, "இப்பகுதியில் வெப்பம் குறைந்துள்ளது" என்று தன் கையாலேயே அறிக்கையில் எழுதியும் இருந்தாள்.

கீழே இறங்கி வீட்டுக்குள் போனாள். தைக்கிற மிஷினின் இரும்புச் சக்கரம் சுட்டது. தண்ணீர்க் குடம் சுட்டது. மின்விசிறி அடுப்பு வாயிலிருந்து ஊதுவதுபோல ஊதியது. குழந்தை தரையில் ஈரத் துணிமேல் கிடந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடியது. இத்தனை வருஷம் ஊரின் சூட்டை அளந்தவளுக்குத் தம்பி வீட்டுச் சூடு தெரியவில்லை. தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

"தப்பு என்னோடதும்மா. திருத்திட்டு வர்றேன்" என்றாள்.

"திருத்துவாங்களா அண்ணி?"

"தப்புன்னு தெரிஞ்சப்புறம் திருத்தாம என்ன?" என்றாள் மேப் அக்கா. அவ்வளவு வெகுளி.

திருத்தம் போட்டு, தகரக் கூரைகளுக்குத் தனிக் கணக்கு கொடுத்துக் கணினியில் ஓட்டினால், தம்பி தெரு மட்டுமல்ல, ஊரில் நீலமாகக் கிடந்த ஒன்பது தெருக்கள் ரத்தச் சிவப்பாக எழுந்து நின்றன. பிரிண்ட் எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்கு ஓடினாள். அந்த அறை அப்படி ஒரு குளிர். மனுஷன் உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் ஒன்றும் தெரியாதவராக இருந்திருந்தால் மன்னித்திருக்கலாம். அவர் இதே பாடத்தைக் கல்லூரியில் நடத்தியவர். அவள் டேப் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் தலையை ஆட்டினார்.

"ஆமாம்மா. மெட்டல் ரூஃப். நீ சொல்றது கரெக்ட்தான்."

"அப்ப மேப்பை மாத்திடலாம் சார்."

"எப்படிம்மா மாத்துறது? வெப்பம் குறைஞ்சிருக்குன்னு மாநாட்டுல பேசிட்டு வந்திருக்கேன். கை தட்டினாங்க. இப்பப் போய் இல்லைன்னு சொன்னா ஆபீஸ் மானம் என்னாகுறது? பணமும் ஒதுக்கியாச்சு."

எதற்கு ஒதுக்கியாச்சு என்று கேட்டாள். ஒதுக்கீட்டுப் பட்டியலின் தலையில் இருந்தது நகர நடுவில் புதிதாக வந்த வணிக வளாகத்தின் கார் நிறுத்துமிடம். கன்னங்கரேல் என்று தார் போட்டு, ஒரு செடி வைக்காமல் விட்ட பெரிய மைதானம். வரைபடத்தில் அதைவிடச் சிவப்பு வேறில்லை. ஆகவே வெள்ளை நிழற்கூடாரமும், நீர்த்துளி தெளிக்கும் விசிறியும், அங்கே.

"அங்க யார் சார் குடியிருக்காங்க?"

"குடியிருக்கணும்னு எங்க ரூல் இருக்கு? மேப்ல சிவப்பு, அவ்வளவுதான்." பிறகு குரலைத் தணித்து, ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார்: "ரெண்டு வருஷம் பொறும்மா. தகரம் துருப்பிடிச்சிடும். துருப்பிடிச்சா சூட்டை ஒழுங்கா வெளிய விடும், நாம ஒண்ணும் பண்ணாமலே மேப்ல தானா சிவப்பாயிடும். அடுத்த ரவுண்டுல சேர்த்துக்கலாம்."

மேப் அக்கா அவர் மேசையில் இருந்த பேனாக்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். கடைசிப் பேனா வரைக்கும் அடுக்கினாள்.

"சார், அந்தத் தெருவுலதான் என் தம்பி வீடு, அவன் குழந்தைக்கு ஆறு மாசம்தான் ஆகுது. துருப்பிடிக்கிற வரைக்கும் எங்க சார் வெச்சிருக்கிறது? உங்க ரூம்லயா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். பூசணிக்காய் இருக்கிறது என்று வாயால் ஒப்புக்கொண்டே மறைக்கிறவரை அவள் அன்றுதான் பார்த்தாள். இறுதி வரைபடத்தில் தயாரித்தவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். வேறொருவர் போட்டார். மாதக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. விடைகொடுக்க யாரும் வரவில்லை. டீ கொண்டுவருகிறவர் மட்டும் வாசல்வரை வந்து, "போய் வாங்கக்கா" என்றார்.

வீட்டில் கணவர், "விடு, எனக்கு இந்தக் கோடையில வேலை தலைக்கு மேல இருக்கு" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. அவள் திருத்திய வரைபடத்தைச் செய்தித்தாள்காரர்களிடம் கொண்டுபோனாள். நீலம் எப்படிச் சிவப்பாகும் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, தேர்தல் முடியட்டும் என்றார்கள். கவுன்சிலரிடம் போனாள். கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்து கேட்டுவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார்.

கத்தரி வெயில் தொடங்கிய வாரம் கார் நிறுத்துமிடத்தில் கூடாரம் எழுந்தது. திறப்பு விழாவும் ஆனது. மறுநாள் காலையில் மேப் அக்கா போய்ப் பார்த்தபோது தம்பி மனைவி மிஷினைத் தட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். "அண்ணி, நீங்க வர்றீங்களா, இல்ல மேப் போட்டுட்டு இருக்கப் போறீங்களா?" என்றாள். பின்னால் தெருப் பெண்கள் பாயும் தண்ணீர்க் குடமும் பிள்ளைகளுமாக வந்தார்கள். மேப் அக்கா முன்னால் நடந்தாள். எந்த நேரத்துக்கு எந்தப் பக்கம் நிழல் விழும் என்று அவளுக்குத்தானே தெரியும்.

வளாகம் திறப்பதற்குள் கூடாரத்துக்கடியில் ஒரு தெருவே உட்கார்ந்துவிட்டது. இரும்புத் தூண்களில் தூளிகள் ஆடின. மிஷின் ஓடியது. விசிறி பூப்போல நீரைத் தூவியது. காவலாளி வந்து, "இது கார் நிக்கிற இடம்மா, எந்திரிங்க" என்றார். "மனுஷங்களுக்கு ஒதுக்கின காசுல போட்டதுண்ணே, மேப்ல பாருங்க" என்றாள் தம்பி மனைவி. அவர் தலையைச் சொறிந்துவிட்டு போன் பண்ணப் போனார். இடமில்லாத கார்கள் ஒவ்வொன்றாகக் கூடாரத்துக்கு வெளியே, கொதிக்கும் தாரின் மேல் போய் நின்றன.

நடுப்பகலில் இயக்குநரே வந்து இறங்கினார். வண்டியிலிருந்து கூடாரத்துக்கு நடந்து வருவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நிழலுக்குள் வந்ததும் நின்று, மூச்சு வாங்கி, விசிறிக்கு நேராக முகத்தைக் கொஞ்ச நேரம் காட்டினார். அப்புறம்தான் அவளைப் பார்த்துக் கத்த வாயைத் திறந்தார்.

"மெதுவா சார்" என்றாள் மேப் அக்கா. தூளியைக் காட்டினாள். குழந்தை கைகளை விரித்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். கழுத்து வேர்க்குருமேல் நீர்த்துளிகள் பொடிப்பொடியாகப் படிந்திருந்தன. இந்தக் கோடையில் அவன் பகலில் தூங்கி யாரும் பார்த்ததில்லை.

இயக்குநர் குழந்தையைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். பிறகு திரும்பி வெளியே பார்த்தார்.

"என்னம்மா இது," என்றார் நிஜமான வருத்தத்தோடு, "காரெல்லாம் வெயில்ல நிக்குதே."

"நிக்கட்டும் சார்" என்றாள்.