முன் சக்கரத்தில் யாரோ தட்டுகிறார்கள்

"எப்படிச் சத்தம் வருது சார்? கொஞ்சம் செஞ்சு காட்டுங்க."

மெக்கானிக் நயாஸ் பாய் இப்படிக் கேட்டதும் நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். ஷெட் வாசலில் டீ குடித்தபடி நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். பாங்க்கில் மேனேஜராக இருந்து ரிடையரான ஒரு மனிதன், பட்டப்பகலில் கார் மாதிரி சத்தம் போடலாமா? வேறு வழி இல்லை... போட்டேன்.

"டக்... டக்... டக்..."

பக்கத்தில் நின்ற என் மனைவி சுமதி தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, அப்படி இல்ல பாய். லொடக்... லொடக்... இப்படி வருது."

நயாஸ் பாய் தாடியைத் தடவிக்கொண்டார். டக் டக் என்றால் ஆக்ஸில் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாமாம். லொடக் என்றால் புஷ் போயிருக்கலாமாம். ஊளையிட்டால் பேரிங்காம். "மொதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க சார்" என்றார்.

இத்தனை வருடக் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் பேசி முடிவுக்கு வந்த விஷயங்கள் ரொம்பக் குறைவு என்பது பாவம், அவருக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். என் பழைய கார் மெதுவாகப் போகும்போது முன் சக்கரங்களிலிருந்து ஒரு சத்தம். இடது பக்கமும் வருகிறது, வலது பக்கமும் வருகிறது. வேகம் பிடித்தால் போய்விடுகிறது. ஆனால் பெங்களூரில் வேகம் பிடிக்க எங்கே போவது? அதனால் சத்தம் எப்போதும் கூடவே இருந்தது.

சாதாரண நாளாக இருந்தால் பாட்டை உரக்க வைத்துக்கொண்டு ஓட்டியிருப்பேன். இது சாதாரண நாள் இல்லை. எங்கள் பக்கத்து வீட்டு ஜெஸ்ஸிக்குக் கல்யாணம்!

ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு காம்பவுண்டு சுவர். அவள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது நான் இந்தக் காரை வாங்கினேன். காலையில் என் மகனை ஸ்கூலில் விடும்போது அவளையும் ஏற்றிக்கொண்டு போவேன். என் பையன் ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வருவான். ஜெஸ்ஸிதான் வாய் ஓயாமல் பேசுவாள். பிறகு இதே காரில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். எங்கள் கேட்டில் இன்னும் ஒரு பள்ளம் இருக்கிறது, அவள் கைவண்ணம்.

கல்யாணம் நிச்சயமானதும் அவள் முதலில் சொன்னது, "சர்ச்சுக்கு அங்கிள் கார்லதான் போவேன். அங்கிள்தான் ஓட்டணும்."

எனக்குப் பெண் பிள்ளை இல்லை. அதைக் கேட்டதும் உள்ளுக்குள் எப்படி இருந்தது என்று எழுதினால் சுமதி படித்துவிட்டுக் கிண்டல் செய்வாள். இருந்தாலும் எழுதுகிறேன். எனக்கு ஏதோ பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது. பாங்க்கில் கிடைத்தபோதுகூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

ஆனால் அவளுடைய அப்பா ஆரோக்கியசாமி இருக்கிறாரே... ஸ்கூலில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். விசில் சத்தம் தவிர வேறு எந்தச் சத்தமும் பிடிக்காது. ஒருநாள் என் காரில் மார்க்கெட் வரை வந்தவர், இறங்கும்போது முகத்தைச் சுளித்தார்.

"ரகு சார், தப்பா நினைக்காதீங்க. சர்ச் வாசல்ல நாலு பேர் நிப்பாங்க. லொட லொடன்னு போய் எறங்க முடியுமா? நான் ஒரு பெரிய வெள்ளைக் கார் சொல்லிடறேன்."

"சும்னே இருங்க டாடி" என்று பாதிக் கன்னடத்தில் அடக்கினாள் ஜெஸ்ஸி. "சத்தம்தானே? அங்கிள் சரி பண்ணிடுவார்."

கடைசியில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆரோக்கியசாமியே பரிசோதனை செய்வார். சத்தம் இருந்தால் வெள்ளைக் கார்தான். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்லை.

நயாஸ் பாய் பாவம், குறை வைக்கவில்லை. காரைத் தூக்கி நிறுத்தி, முன் சக்கரங்களைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டிப் பார்த்தார். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். அந்த ரோட்டின் ஹாரன் சத்தத்தில் நம் சத்தம் எங்கே கேட்கப்போகிறது?

"ஏக்தம் கிளீன் சார். ஜாயிண்ட் ஓகே, பேரிங் ஓகே. வண்டி இன்னும் ஜவானாத்தான் இருக்கு."

ஜவான் என்றால் இளைஞன். இளைஞன் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்ததும் பழையபடி ஆரம்பித்துவிட்டான். நாம் டாக்டர் முன்னால் உட்காரும்போது மட்டும் இருமல் வராது இல்லையா, அதே கதைதான்.

அப்புறம் தெருவே டாக்டராகிவிட்டது. ஒருவர் பிரேக்கில் கல் மாட்டியிருக்கும் என்றார். தண்ணீர் அடித்துக் கழுவினேன். இன்னொருவர் டயரில் ஆணி என்றார். குனிந்து, இரண்டு டயரையும் விரலால் தடவித் தேடினேன். ஆணி கிடைக்கவில்லை, இடுப்புப் பிடிப்புதான் கிடைத்தது.

முந்தின நாள் சாயங்காலமும் வந்தது.

ஆரோக்கியசாமி ஷூ போட்டுக்கொண்டே வந்துவிட்டார். ஜெஸ்ஸி கையில் ஈர மருதாணி, அதனால் ஸ்டீயரிங் என்னிடம். அவர் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தபடி நடந்தார். சுமதி வலது பக்கம். நான் நடக்கிற வேகத்தில் வண்டியை உருட்டினேன். சாமி ஊர்வலம் கூட இவ்வளவு பயபக்தியோடு நகராது.

டக்... டக்... டக்...

ஆரோக்கியசாமி நிமிர்ந்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். வெள்ளைக் கார்க்காரருக்குத்தான் என்று புரிந்தது. ஜெஸ்ஸியின் முகம் வாடிவிட்டது. விடுங்க மாஸ்டர், நல்ல காரிலேயே போகட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன்...

"ஒரு நிமிஷம் மாஸ்டர்! என்னங்க, இன்னும் கொஞ்சம் உருட்டுங்க" என்றாள் சுமதி.

உருட்டினேன். அவள் சக்கரத்தின் அருகே காதை வைத்துக்கொண்டே வந்தாள்.

"இது மிஷின் சத்தமே இல்லைங்க. டப்பாவுக்குள்ள ஏதோ கெடக்குற சத்தம்."

டப்பாவைத் திறக்காமலே, குலுக்கிப் பார்த்து உள்ளே இருப்பது ஏலக்காயா, ஜாதிக்காயா என்று சொல்லக்கூடியவள் அவள். காரில் ஏது டப்பா? யோசித்தேன். சக்கரத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தட்டு... வீல் கப்!

ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினேன். வீல் கப் கழன்று வந்தது. உள்ளே, மடங்கிய விளிம்புக்குள், சேறு பூசிக்கொண்டு உருண்டையாக ஒன்று. சுமதி எடுத்துத் துடைத்துப் பார்த்தாள்.

கொட்டைப் பாக்கு.

அடுத்த பக்கத்தைக் கழற்றினேன். அங்கேயும் ஒரு கொட்டைப் பாக்கு.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

ஆயுத பூஜை அன்று சுமதி ஓசூரில் அக்கா வீட்டில் இருந்தாள். காருக்கு நானே பூஜை போட்டேன். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. ஓடி ஓடி உழைக்கிற சக்கரங்களுக்குத் தனியாக வெற்றிலை பாக்கு வைக்கவேண்டாமா? தாம்பாளம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கழுவுவதற்காகக் கழற்றிய வீல் கப் நான்கும் மல்லாந்து பளபளவென்று கிடந்தன. தட்டு மாதிரியே இருந்தன! ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒன்றை வைத்து, அதில் இரண்டு வெற்றிலை, ஒரு பாக்கு. பூஜை முடிந்து பின்னால் இருந்த இரண்டு பாக்கையும் ஒழுங்காக எடுத்துவிட்டேன். முன்னால் வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வெற்றிலையை உதறிவிட்டு, விளிம்புக்குள் உருண்டுபோன பாக்கைக் கவனிக்காமல், அவசரமாக வீல் கப்பைத் தட்டி மாட்டிவிட்டு உள்ளே ஓடினேன்.

"வீட்டுல ஒரு தாம்பாளம் கூடவா கண்ணுக்குத் தெரியல?" என்றாள் சுமதி.

ஜெஸ்ஸி மருதாணிக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆரோக்கியசாமி சிரிக்கவில்லை. வண்டியை உருட்டச் சொன்னார். மறுபடியும் குனிந்து, தெருமுனை வரை நடந்தார். ஒரு சின்ன முனகல்கூட இல்லை. போனைப் பையில் போட்டார்.

"பாஸ்" என்றார்.

பி.டி. மாஸ்டர் வாயால் ஒரு பாஸ்! நான் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். பாவம், பழக்கமில்லாத மனிதர், விறைத்து நின்றார்.

நம் வியாதிகளில் பாதி இப்படித்தானோ என்று தோன்றுகிறது. பெரிய பெரிய பெயரெல்லாம் சொல்லி அலைகிறோம். கடைசியில் பார்த்தால், நாமே ஆசையாக வைத்து எடுக்க மறந்ததாக இருக்கிறது.

மறுநாள் காலை. வெள்ளை கவுனே பின் சீட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டது, அதற்கு நடுவில் எங்கேயோ ஜெஸ்ஸி. அப்பாவுக்கு அங்கே இடமில்லை. கோட்டு சூட்டோடு முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அல்சூர் ஏரியைத் தாண்டி, சர்ச் தெருமுனையில் மெதுவாகத் திரும்பினேன். சக்கரத்தில் சத்தமே இல்லை. மணி மட்டும் கேட்டது.

அப்போதுதான் இடது பக்கத்திலிருந்து ஒரு சத்தம். மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

ஆரோக்கியசாமி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. ஜெஸ்ஸி பின்னாலிருந்து கையை நீட்டி அவர் தோளைப் பிடித்தாள். "டாடி... அழாதீங்க டாடி" என்றாள். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"அங்கிள்... நீங்களுமா?"

எனக்கு ஒரு சந்தேகம் வாசகர்களே. கார் செய்கிறவர்கள் வைப்பரை ஏன் வெளிப்பக்கம் மட்டும் வைக்கிறார்கள்?